கனவே வராதவரின் சாட்சி

என் வீட்டுக்காரருக்குக் குழாய் ரிப்பேர் வேலை. சுவருக்குள் எங்கே கசிகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் இருபத்தாறு வருஷமாக ஆலயத்துக்கு வந்தும், கர்த்தருடைய சத்தம் மட்டும் அந்தக் காதில் விழுந்ததே இல்லை. நானோ முதல் பாட்டின் முதல் வரியிலேயே அழுதுவிடுகிறவள். இரண்டு கைக்குட்டை கொண்டுபோவேன்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் வரிசையாக எழுந்து சாட்சி சொல்லவேண்டும். கர்த்தர் கனவில் வந்தார், பேசினார், உடம்பெல்லாம் சிலிர்த்தது, இப்படி. முறை எங்கள் பெஞ்சை நெருங்கினால் போதும், இவர் ஸ்பேனரோடு பின்பக்கம் கைகழுவுகிற இடத்துக்கு நழுவிவிடுவார். சொட்டவே சொட்டாத குழாய் என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது எங்கள் சபைக் குழாய்தான்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பார். அதற்குள் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அப்பாதான் ஞானத்தகப்பனாக, பிள்ளையைக் கையில் ஏந்திப் பொறுப்பேற்கிறவராக, நிற்கவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. போதகரிடம் போனோம். ஞானத்தகப்பனாக நிற்கிறவர் முந்தின ஞாயிறு சபை முன்னால் சாட்சி சொல்லவேண்டும், அது விதியாம்.

"ஒரே ஒரு அனுபவம் சொன்னாப் போதும் அண்ணே" என்றார் போதகர்.

அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. "வேற ஆளைப் பாக்கச் சொல்லு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல" என்று தொட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே! உட்கார்ந்து ஒரு கனவை எழுதிக் கொடுத்தேன். மலை, வெள்ளை வெளிச்சம், பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். மூன்று நாள் ஒத்திகை.

"வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

"மேலேர்ந்துதான்."

"குரல் கேட்டப்ப நான் நின்னேனா, உக்காந்திருந்தேனா?"

"கனவு கண்டது நீங்க. என்னைக் கேட்டா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை. சபை முன்னால் போய் நின்றார்; தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"எனக்குக் கனவு வந்ததில்ல. குரல் கேட்டதில்ல. எங்கம்மா சாகக் கிடந்தப்ப ராப்பகலா ஜெபம் பண்ணேன், அப்பவும் ஒண்ணும் கேக்கல. இருந்தாலும் நம்புறேன். அவர் சிலுவையில செத்தாரு, உயிரோட எழுந்தாரு. எனக்குத் தோணினதால அது நடக்கல, எனக்குத் தோணலங்கிறதால நடக்காமப் போயிடவும் இல்ல. என் நெஞ்சுக்குள்ள அடங்குறவர்தான் கடவுள்னா, ரொம்பச் சின்னக் கடவுளால்ல ஆயிடுவாரு? குழாயை வச்சு ஒரு உதாரணம் சொல்வேன்னு பாக்காதீங்க. இவ்வளவுதான்."

போச்சு, பேத்தியைத் தூக்குகிற பாக்கியம் போயே போச்சு என்று நினைத்தேன்.

அப்போது தையல்காரர் எழுந்தார். சாட்சி சொல்வதில் சபைக்கே புலி அவர். "பதினோரு வருஷமா நான் ஒரே கனவைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றேன். அதுக்கப்புறம் எனக்கும் ஒண்ணும் வரல. சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். யாரோ சிரித்தார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒரு நர்ஸ் அம்மா, "எனக்கும்தான்" என்றார். அப்புறம் இன்னொருவர். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அண்ணே, அடுத்த வாரம் பிள்ளையை நீங்கதான் தூக்குறீங்க" என்றார். மகள் கைதட்டியேவிட்டாள்.

அன்று நான் அழவேயில்லை. அழுகை வராத நாட்களில், கர்த்தர் என்னை விட்டுப் போய்விட்டாரோ என்று உள்ளுக்குள் நான் நடுங்கியதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பயம் அன்றோடு தொலைந்தது. எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா!

ஞானஸ்நானம் முடிந்தது. தண்ணீர் பட்டதும் பேத்தி போட்ட கூச்சலில் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். வாசலில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு இவர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

காதோரம் போய்க் கேட்டேன்: "இப்பவாவது ஏதாவது தெரிஞ்சுதா?"

"ம்ஹும். கைதான் மரத்துப்போச்சு."

"அப்புறம் என்ன இப்படி ஒரு சிரிப்பு?"

"எனக்குத் தெரியலேன்னா என்ன? அவருக்கு என்னைத் தெரியுமே."