காய்ந்தால் சரியாகிவிடும்

காலையில் காபி டம்ளரை எடுத்தவர் கீழே விட்டார். இன்னொரு டம்ளர் கொடுத்தேன், அதையும் விட்டார். சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று மூன்றாவதை நன்றாக ஆற்றிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு வலது கை இழுத்துக்கொண்டதை நான் புரிந்துகொண்ட லட்சணம் அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி வந்து, அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் ஒரு வேனைக் கூட்டி வந்து நாமக்கல்லுக்குக் கொண்டு போனான்.

வாய் நேராகிவிட்டது. இழுத்திருந்த காலும் திரும்ப வந்துவிட்டது. வலது கையில் நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் ஜீப் ஓட்டியவர். மலையில் விளையும் மிளகையும் பலாப்பழத்தையும் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறக்குவார், அங்கிருந்து ஆட்களை ஏற்றி வருவார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு அவர் கையை நான் பார்த்திருக்கிற மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கொண்டை ஊசி வளைவு வந்தால் இடது கை கியருக்குப் போய்விடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது வலது கை ஒன்றுதான். கீழே போய்ச் சேர எழுபது வளைவு. எழுபது தடவை வண்டியும் அதில் இருப்பவர்களும் அந்த ஒரு கையில் இருப்பார்கள்.

ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகும் தான் பார்த்துச் சொன்னால்தான் என்று டாக்டர் சொன்னார். விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார். தட்டில் அரிசியைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம் என்றார். இவர் ஒரு நாள் பொறுக்கினார். மறுநாள் தட்டைத் தள்ளிவிட்டு, ஜீப் சாவி தொங்கும் ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒரு பெட்டி அனுப்பினாள். மேலே ஒரு காரின் படம். அந்தக் காலத்துப் பந்தயக் காராம். ஒரே ஒரு ஆள் உட்கார இடம், கூரை கிடையாது, மூக்கு மட்டும் நீளம். சக்கரம் சைக்கிள் சக்கரம் போலக் கம்பி கம்பியாக இருந்தது. பெட்டிக்குள் முழுக் கார் இல்லை. பிளாஸ்டிக் சட்டத்தில் பிஞ்சு அவரைக்காய் மாதிரி துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. நறுக்கி, தேய்த்து, பசை வைத்து, வண்ணம் பூசி நாமே கட்ட வேண்டும். இங்கிலீஷில் எழுதியிருந்தது எங்களுக்குப் புரியவில்லை. படம் இருந்தது, போதும்.

அவருக்கு முகம் மலர்ந்ததை அன்றுதான் திரும்பப் பார்த்தேன். "பெல்ட்டு கூட இல்ல பாரு. இவனுக எல்லாம் உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டிருக்கானுக" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நகவெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

சன்னலோரம் மேசை போட்டுக்கொண்டு தினமும் காலையில் உட்காருவார். பெரிய துண்டுகளை அவரே ஒட்டினார். ஒட்டும்போது நான் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் யாருக்குக் காலில் முள் குத்தினாலும் என்னிடம்தான் வருவார்கள், முள்வாங்கியால் அலுங்காமல் எடுத்துவிடுவேன். அதனால் சின்னத் துண்டுகளை முள்வாங்கியில் எடுத்து நீட்டும் வேலை எனக்கு. தம்பி எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

"ஏன் மச்சான், இதுல எத்தன பேரு ஏத்தலாம்?"

"எத்தன பேரு வேணாலும் ஏத்தலாம் மாப்ள. உன்னைய மட்டும் ஏத்த மாட்டேன்."

உடம்புக்குக் கரும்பச்சை பூசினோம். அது நன்றாகவே வந்தது, பெரிய இடம் அல்லவா. அப்புறம் எஞ்சின் மூடியின் மேல் குறுக்காக ஒரு தோல் பட்டை வர வேண்டும். படத்தில் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவர் பிரஷ்ஷை எடுத்தார். கை நடுங்கியது. பழுப்பு நிறம் பச்சையில் போய் ஈஷிக்கொண்டது. துடைக்கப் போய் இன்னும் பரவியது. பிரஷ்ஷை வைத்துவிட்டு, "எடுத்து அடுப்புல போடு" என்றார். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நான் அடுப்பில் போடவில்லை. அவர் தூங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். துணி நுனியை வண்ணம் கரைக்கும் தின்னரில் நனைத்து வழிந்ததைத் துடைத்தேன். பிரஷ் எனக்குத் தடிமனாகப் பட்டது. விளக்குமாற்றிலிருந்து ஒரு புல்லை உருவி, நுனியைப் பல்லால் நசுக்கி, அதில் வண்ணத்தைத் தொட்டு ஓரத்தை நேர் செய்தேன். கையில் தின்னர் வாடை போக வேண்டுமே என்று எலுமிச்சை இலையைக் கசக்கித் தேய்த்துக் கழுவினேன். திருடியவள் மாதிரி புல்லை மிளகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

சாயங்காலம் அவர் எழுந்து வந்து பார்த்தார். காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஈரமா இருக்கறப்ப கோணலாத் தெரியுது புள்ள. காஞ்சா சரியாயிருது."

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். இரவு அவர் இரண்டு களி உருண்டை சாப்பிட்டார். நான் சொல்லவில்லை.

அடுத்து சக்கரக் கம்பிகள். ஒரு சக்கரத்துக்கு எத்தனையோ கம்பி, எல்லாவற்றுக்கும் வெள்ளி நிறம். அவர் காலையில் பூசுவார், கோணலாகும், "காயட்டும்" என்று வைப்பார். மத்தியானம் நான் சரி செய்வேன். சாயங்காலம் அவர் பார்த்துச் சந்தோஷப்படுவார். அப்புறம் பக்கவாட்டில் வெள்ளை வட்டமும் அதில் நம்பரும். அதையும் அப்படியே செய்தேன். கறியில் உப்புக் குறைந்தால் சொல்லாமல் போட்டுவிடுகிறோம் அல்லவா, அப்படித்தான் நினைத்தேன். போகப் போக அவர் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். டம்ளரை வலது கையில் வாங்கினார். காபி தளும்பி வேட்டியில் கொட்டியது. நீ நிறைய ஊற்றிவிட்டாய் என்றார்.

ஒரு நாள் கொட்டகையிலிருந்து ஜீப் சத்தம் கேட்டது. தோட்டத்தில் இருந்தவள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். சும்மா ஸ்டார்ட் செய்து பார்த்தேன் என்றார். ஆணியில் இருந்த சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

அந்த வாரம் தம்பியிடம், வரும் சந்தைக்கு நானே வண்டி எடுக்கிறேன், உன் மிளகு மூட்டை நாலையும் போடு என்று சொல்லிவிட்டார். தம்பி ஒரு நிமிஷம் யோசித்தான். அவனை மேசைக்குக் கூட்டிப்போய்ச் சக்கரத்தைக் காட்டினார். "இந்தக் கம்பியப் பாரு மாப்ள. என்ற கை போட்டது. இது ஸ்டியரிங்கப் புடிக்காதா?" தம்பி குனிந்து பார்த்தான். "அட, பொம்பளையாளு கை மாதிரி சுத்தமா இருக்குதே மச்சான்" என்று சிரித்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவனும் உடன் போகப் போகிறான். என் புருஷனும் என் உடன்பிறந்தவனும் ஒரே வண்டியில்.

ஆறு மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. மகளுக்குப் போன் செய்து அப்பாவைத் தடுக்கச் சொன்னேன். அவளோ, அப்பா போட்டோ அனுப்பினார், எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார், கை இவ்வளவு நன்றாக வந்துவிட்டதே, நீதான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாய் அம்மா என்றாள். நான் புல் நுனியில் போட்ட கோடு பெங்களூர் வரை போய் எனக்கு எதிராகவே திரும்பி வந்தது. அவளிடமும் வாய் திறக்க வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை இருந்தேன், அஞ்சு வருஷமும் எழுந்து நின்று பதில் சொன்னதில்லை. இவரிடம் கூட, எதிரில் நின்று 'நீங்கள் சொல்வது தப்பு' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு இருக்கிற கொஞ்சத் தைரியமும் போய்விடும், படுத்த படுக்கையாகிவிடுவார் என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் வளைவில் என்ன நடக்கும் என்று ஒரு பயம். கண்ணை மூடினால் அந்த வலது கை தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் பள்ளம் தெரிந்தது.

சந்தைக்கு முந்தின நாள் காலை, காரில் ஒரே ஒரு வேலை பாக்கி. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகையில் மூன்று மீட்டர். ஒவ்வொன்றும் கேழ்வரகை விடக் கொஞ்சம் பெரிது. கறுப்பில் வெள்ளையாக ஒரு முள் வரைய வேண்டும். அவர் வரைந்தார். மூன்றும் வெள்ளைப் பொட்டாகிவிட்டது. "காயட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார்.

நான் தொடவில்லை. வாயால் சொல்ல முடியாததை அந்தப் பொட்டுகள் சொல்லட்டும் என்று விட்டேன். எழுந்து வந்து பார்ப்பார், கோணல் கோணலாகவே இருக்கும், புரிந்துகொள்வார், வண்டி எடுக்க மாட்டார். அவர் எழுந்து வரும் வரை துவரையை உரித்துக்கொண்டிருந்தேன். என்ன உரித்தேன் என்று எனக்கே தெரியாது.

அவர் வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார்.

"இன்னும் காயல போல" என்றார். "வெயில் பத்தல. காலையில நாம போறதுக்குள்ள காஞ்சிரும்."

அவருக்கு அவ்வளவு நம்பிக்கை வரும்படி செய்து வைத்திருந்தேன்.

எழுந்துபோய் மிளகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருந்த புல்லை எடுத்து வந்தேன். கண்ணாடியை மாட்டினேன்.

"ஏனுங்க, கொஞ்சம் இங்க பாருங்க."

அவர் எதிரிலேயே துணி நுனியை நனைத்து முதல் மீட்டரைத் துடைத்தேன். புல் நுனியால் வெள்ளையைத் தொட்டு முள்ளை வரைந்தேன். என் கை நடுங்கவில்லை. அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாவதையும் துடைத்து வரைந்தேன். அவர் கண் அந்த முள்ளிலிருந்து பட்டைக்குப் போனது. பட்டையிலிருந்து சக்கரத்துக்குப் போனது.

"பட்டையும் நீதானா?"

"ஆமாங்க."

"சக்கரம்?"

"நாலுமுங்க."

நம்பரைப் பற்றிக் கேட்கவில்லை. அடிப்பாரோ என்று தோன்றவில்லை, அவர் அடித்தது கிடையாது. அழுதுவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

"ஏன் புள்ள சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க. நீங்க தூங்கறப்ப மேசையில சரி பண்ணிப்போட்டேன். ரோட்டுல நான் பின்னாடியே வந்து துடைக்க முடியாதுங்களே."

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம். கோபத்தில் இப்போதே கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். வாசலுக்கு ஓடி வந்தேன். வண்டி கொட்டகைக்குள்ளேதான் உறுமிக்கொண்டு நின்றது. இடது கை கியரில் இருந்தது. வலது கை ஸ்டியரிங்கின் மேலே. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் குதித்துக்கொண்டிருந்தன. எஞ்சினால் வந்த நடுக்கமா என்று நானும் பார்த்தேன். அவர் எஞ்சினை நிறுத்தினார். விரல் நிற்கவில்லை.

சாயங்காலம் தம்பி மூட்டை ஏற்ற வந்தான். இவர் கட்டிலை விட்டு எழாமல், கிளட்ச் போய்விட்டது, மூட்டையை வேனில் போட்டுக்கொள் என்றார்.

"மத்தியானம் சத்தம் கேட்டுதே மச்சான், நல்லாத்தான இருந்துச்சு?" தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நேத்தே சொன்னாரு, கிளட்ச் சரியில்லீன்னு" என்றேன். தம்பி வேனைக் கூப்பிடப் போனான்.

நான் பயந்தபடியே நாலைந்து நாள் படுக்கையிலேயே கிடந்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், எழு என்றால் எழுந்தார். அந்த நாட்களில், சொன்னதே தப்போ என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அரிசித் தட்டு எங்கே என்று அவரே கேட்டார். பொறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "பிரஷ்ஷுல அத்தன மெல்லிசாக் கோடு வராதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

"பின்ன ஏன் கேக்கலீங்க?"

"கேட்டா நீ சொல்லிப்போடுவியே."

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, கிளட்ச் என்றே எழுது என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, சரி, நடந்ததை எழுது என்றார்.

கார் இப்போது டிவி பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது மீட்டரை நான் தொடவில்லை. அது அவருடையது. வாரத்தில் ஒரு நாள் துடைத்துவிட்டுத் திரும்ப வரைவார், அது திரும்பவும் பொட்டாகத்தான் வரும். முதலில் வந்ததை விடச் சின்னப் பொட்டு. அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது நான் வீட்டுக்குள் இருப்பதில்லை, தோட்டத்துக்குப் போய்விடுவேன். சாவி மறுபடி ஆணிக்கு வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். காரைப் பிறகுதான் பார்ப்பேன். பொட்டு என்றைக்காவது ஒரு நாள் கோடாகிவிடும். அது அவர் கையால் வந்ததுதானா என்று அன்று அவர் என்னைத்தான் கேட்பார்.