இரண்டான காளை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்... இன்று காலை மராத்தி ஊரான கட்கியில் என் இடது ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டது. வலது ஷூவின் முறை வருவதற்குள் டப்பா காலி.

அந்த வாசனை இருக்கிறதே... நேராக என்னைத் தொண்ணூற்றெட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஒன்பதாம் வகுப்பு.

பக்கத்து வீட்டு செல்வம் அண்ணா, வேலூர்க்காரர், இங்கே ஒரு சின்ன மியூசியத்தில் அட்டெண்டர். எட்டு வருஷமாகத் தினக்கூலி. அந்த வாரம்தான் அவரைப் பர்மனென்ட் ஆக்கும் ஃபைல் மேலதிகாரி மேடம் டேபிளுக்குப் போயிருந்தது. சனிக்கிழமை ஸ்கூல் அரை நாள். நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

அங்கே ஒரு சுட்டமண் காளை. உள்ளங்கை அளவு, திமில் உண்டு, ஒரு காது கிடையாது. மூவாயிரம் வயசு. அதையே அச்சில் எடுத்துச் சுட்டு வாசல் கவுண்டரில் விற்பார்கள். காது இல்லாததுகூட அப்படியே.

ஒன்று வாங்கினேன். புதுசு என்று தெரியக்கூடாதே... பழுப்பு ஷூ பாலிஷ் தேய்த்தேன். அசலின் வயிற்றில் மையால் எழுதியிருந்த நம்பரை மனப்பாடம் செய்து இதிலும் எழுதினேன். கணக்குப் பரீட்சைக்குக்கூட நான் அத்தனை நம்பர் படித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு வெளியூர்ப் பேராசிரியர்கள் வருவதாக இருந்தது. அலமாரியைத் துடைக்க, அண்ணா பொம்மைகளையெல்லாம் மேஜையில் துணி விரித்து எடுத்து வைத்திருந்தார். கேட்டில் யாரோ கூப்பிட, போனார். என் மாட்டை அசலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சும்மா ஒரு கெத்துக்கு இரண்டையும் இடம் மாற்றினேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை...

திரும்பி வந்தவரிடம், எது அசல் சொல்லுங்க பார்ப்போம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னாடா பண்ண... எதுடா நம்மளுது?"

சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தேன். என் கை பட்டு இரண்டிலும் பாலிஷ் வாசனை. மாட்டை வைத்தது நான், மாட்டிக்கொண்டது அவர்.

கீழே கார் கதவு சாத்தும் சத்தம். மேடம் குரல்.

"டேய், தப்பானத உள்ள வெச்சேன்னா வேலையே போச்சுடா. பர்மனென்ட்ட வுடு, நாளைக்கே வராதம்பாங்க."

படிக்கட்டில் செருப்புச் சத்தம்...

ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் அளவுக்கே தெர்மாகோலில் குழி வெட்டி ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். முதல் மாட்டை அதில் வைத்தால், லொடலொட. இரண்டாவது கச்சிதமாக உட்கார்ந்தது. அச்சில் எடுத்த மண் சுடும்போது சுருங்கும். நகல் ஒரு நூல் சின்னது! அசல் அலமாரிக்குள் போகவும் மேடம் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

மிச்சமிருந்த மாட்டைப் பார்த்து, இது இங்கே எப்படி வந்தது என்று இந்தியில் கேட்டார்.

"மைனே ரக்கா, மேடம்," என்றார் அண்ணா. நான்தான் வைத்தேன் என்று.

கடைச் சரக்கை அசலோடு கலப்பவனை எப்படி நம்புவது என்று விருந்தாளிகள் முன்னாலேயே திட்டு. ஃபைல் இன்னொரு வருஷம் டேபிளிலேயே தூங்கியது.

நான் மட்டும் ஸ்கூலில் ஹீரோ. மூவாயிரம் வருஷ மாட்டைத் தெர்மாகோலால் காப்பாற்றியவன். இந்த ஒரு கதையை வைத்தே எத்தனை வருஷம் ஓட்டியிருப்பேன்...

இப்போது அங்கே கண்ணாடிக்குப் பூட்டு, மூலைக்கு மூலை கேமரா. எந்தப் பையனும் அந்த மேஜைப் பக்கம் போக முடியாது. நல்லதுதான்... ஆனாலும்.

அண்ணா ரிட்டயர் ஆகி பக்கத்து ஊரான சாகணில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாசம் பார்க்கப் போனேன். அவர் பேரனிடம், அவர் எதிரிலேயே, அதே கதையை அளந்தேன். நிஜமா தாத்தா என்கிற மாதிரி பையன் அவரைப் பார்த்தான்.

"ஆமாண்டா. இவன்தான் கண்டுபுடிச்சான்," என்றார்.

ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போதும் அவர் சொன்னது காதிலேயே இருந்தது. அதனால் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்தது, பொருத்திப் பார்த்தது, எல்லாம் அவர்தான். நான் அப்போது மேஜைக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் கேட்டபோதும் வெளியே வரவில்லை.