புலவர் வீட்டுக்கு வருடந்தோறும்

பிள்ளைகளை வகுப்பில் வைத்துப் படிப்பிப்பது ஒரு தொழில், அவர்களை வெளியே கூட்டிக்கொண்டுபோய்க் குறையாமல் திருப்பிக் கொண்டுவருவது வேறொரு தொழில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம் வாங்கிய வாத்திமாருக்கு நான் சொல்வது விளங்கும்.

1930களில் மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் வாவியைக் கடந்து, அக்கரையில் காலஞ்சென்ற புலவர் ஒருவரின் வீட்டைப் பார்க்கப் போவோம். அவருடைய பேத்தி பூரணம்தான் அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டுவாள். உண்மையைச் சொன்னால், அறுவடை எப்போது முடியும் என்று வயலுக்குச் சொந்தக்காரரான போடிமாரைவிட நான்தான் ஏங்கிக் கிடந்தேன்.

தோணிப் பயணம்

தோணியில் ஏறியதும் எல்லாப் பிள்ளைகளும் மீன் பார்க்க ஒரே பக்கம் சாய்வார்கள். நான் மறுபக்கம் சாய்ந்து தோணியைக் காப்பாற்றுவேன். ஒருமுறை தண்ணீர் தெறித்து, முதல்நாளே தோய்த்து மடித்து வைத்திருந்த வேட்டி நனைந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் வகுப்பே வாயை மூடிக்கொண்டது. தோணிக்காரர் மட்டும் சிரித்தார்.

"பிள்ளையள் வீடு பாக்கப் போகுதுகள். நீங்க என்ன வாத்தியார், கலியாணத்துக்கா போறீங்க?"

யாருடைய வீடு?

"இதுதான் புலவரின் வீடு" என்று வாசலில் நின்று பெரிய குரலில் தொடங்கினேன். முன்னால் நின்ற ஒரு சிறுமி தலையை ஆட்டி மறுத்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவன் பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வந்துவிடுவான். இதை மறந்து பாடம் நடத்திய வாத்தியார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் பெட்டியை எந்த மூலையில் வைக்கலாம் என்று கண் தானாகத் தேடியது. சிறுமி விடுவதாக இல்லை.

"ஆம்பிளைக்கு ஏது வாத்தியார் வீடு? புலவரும் பெட்டியோட வந்த மாப்பிள்ளதானே. இனி பூரணக்காவக் கட்டுற ஆள்தான் இஞ்ச இருப்பார்."

சாய்மனைக் கதிரை

புலவர் சாய்ந்திருந்து பாட்டுக் கட்டிய கதிரையில் அவர் போனபிறகு யாரும் இருப்பதில்லை. அடுத்த வருடம் ஒரு பயல் அதில் ஏறிக் காலை நீட்டிவிட்டான். நான் பிரம்பைத் தேடினேன். பூரணம் தடுத்தாள். பயலை இறக்கிவிட்டு, கதிரையைத் துணியால் துடைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா கிடந்து என்ன செய்யப்போகுது? நீங்க ஒருக்கா இருந்து பாருங்களன், வாத்தியார்."

கதிரையில் ஆள்

நான் இருக்கவில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று, கையைக் கட்டிக்கொண்டு புலவரின் பிறந்த ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்த வருடம் முழுவதும் அந்தக் கதிரையே ஞாபகம். வரம்பில் நடக்கும்போதும், கணக்குத் திருத்தும்போதும், "ஓம், இருக்கிறன்" என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது கதிரையில் ஓர் ஆள் இருந்தார். நல்ல மனிதர். எழும்பி வந்து கைகொடுத்தார், பிள்ளைகளுக்கெல்லாம் தயிரும் வாழைப்பழமும் கொடுக்கச் சொன்னார். மூலையில் அவருடைய பெட்டி இருந்தது, நான் பார்த்து வைத்திருந்த அதே மூலை. அன்று புலவரைப் பற்றி என்ன சொன்னேனோ, எனக்கே தெரியாது.

திரும்பும்போது பிள்ளைகள் தோணிக்கு ஓடிவிட்டார்கள். பூரணம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்து முடித்த செம்பை வாங்கும்போது சொன்னாள்.

"நீங்க வருவீங்கெண்டு எங்கட அம்மா எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருந்தவ. நீங்க ஒருநாளும் பிள்ளையள் இல்லாம வரல்லயே, வாத்தியார்."

அதன்பிறகும் வருடந்தோறும் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வீட்டைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும், அதற்குள் குடிபோகும் வழியைத் தவிர.