துணியில் இருந்த பிள்ளை

ஆம்பூரில் எங்கள் தோல் கம்பெனிக்கு அந்த விளக்கு வந்தது எண்பத்திரண்டில். கப்பலில் போன சரக்கு பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்துவிட்டது. வெறும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையையும் கொழுப்புத் திட்டையும் அது காட்டிக்கொடுக்கும் என்று முதலாளி வாங்கிப் போட்டார். கறுப்புத் திரை கட்டிய சின்ன அறை. விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு மங்கலான ஊதா. ஆனால் அதன் கீழே தோலைப் பிடித்தால் தோலே ஒளிவிடும். ஆவாரம்பட்டையில் பதனிட்டது ஒரு மாதிரி மஞ்சள், பச்சைத் தோல் வெளிர்நீலம். பருத்தி நூல், நகம், பல் எல்லாம் மினுங்கும். எதிரே நிற்பவள் சிரித்தால் பல் மட்டும்தான் சிரிக்கும். பேய் ரூம் என்று பெயர் வைத்துவிட்டு, பெண்கள் யாரும் கிட்டப் போகவில்லை. நானுந்தான்.

"பேயாவது ஒண்ணாவது" என்று துணிந்து போனவள் ஜெபராணி. எங்கள் தெருக்காரி, தரம் பிரிக்கும் மேசையில் எனக்குப் பக்கத்து ஆள். முந்தின கோடையில் தலைச்சன் பிள்ளையைப் பேதியில் பறிகொடுத்தவள். ஞானஸ்நானத்தன்று போட்டோ எடுக்கலாம் என்றிருந்தார்கள், அதற்குள் போய்விட்டான். அவன் முகம் ஒரு காகிதத்தில்கூட இல்லை. அவன் வாய் துடைத்த வேட்டித் துண்டு ஒன்றைத் துவைக்காமல் மடித்து எப்போதும் இடுப்பில் செருகியிருப்பாள்.

ஒருநாள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

"பட்டம்மாக்கா, இங்க வந்து பாரு."

துண்டை விளக்கின் கீழ் விரித்தாள். வெளியே அது பழுப்பேறிய துணி. இங்கே அவன் பால் கக்கிய இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளிச்சம். ஓரத்தில் சின்னதாக ஒன்று. அதன் மேல் விரலை வைத்து, "இது அவன் வாய்க்கா" என்றாள்.

அதிலிருந்து வேலை முடிந்தாலும் அந்த அறையை விட்டு வரமாட்டாள். சாப்பாடு குறைந்தது, கண் சிவந்தது. "அந்த லைட்ட ஜாஸ்தி பாக்காதம்மா, கண்ணு போய்டும்" என்று மேஸ்திரி நிசார் அஹமது சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே! திரைக்கு வெளியே நின்று நானே கேட்டிருக்கிறேன். அழுகை இல்லை, தாலாட்டு இல்லை. யாரோ பேசுவதற்குப் பதில் சொல்வது போல "ம்... ம்..." என்றுகொண்டிருப்பாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. அவள் புருஷன் ஜெயகரன் பள்ளிக்கூடத்தில் பியூன், வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கு வெள்ளையடித்து, கடையில் புதிதாக வந்த சலவைத்தூளை வாங்கி, துணியெல்லாம் தானே துவைத்துப் போட்டான். குளிக்கப் போகும்போது அவள் எடுத்து வைத்த துண்டும் அதில் போய்விட்டது.

காய்ந்ததும் காயாததுமாக அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடி வந்தாள். நானும் உள்ளே போனேன். விளக்கைப் போட்டதும் துணி மொத்தமும் நீலவெள்ளையாகப் பளீரென்று எரிந்தது. வெளுப்புக்காகத் தூளில் ஏதோ மருந்து கலக்கிறார்களாம், இந்த விளக்கில் அது அப்படித்தான் எரியுமாம். மேஸ்திரி பிறகு சொன்னார். அந்த வெளிச்சத்தில் திட்டும் இல்லை, வாயும் இல்லை. அவள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கக்கா போய்ட்டான்?"

துவைத்துப் போட்ட அந்தப் பாவி மனிதன் மேல் எனக்கே ஆத்திரம் பொங்கியது. சாயங்காலம் இவள் அவனைக் கொன்றுபோடுவாளோ என்று பயந்து பின்னாலேயே போனேன்.

துண்டை அவன் மேல் வீசினாள். "இத யாரு தொவைக்கச் சொன்னாங்க? இதுல என் புள்ள இருந்தான்!"

அவன் குனிந்து அதை எடுத்தான்.

"தெரியும் ஜெபா. நீ பக்கத்துல வந்தாலே அவன் வாசனை. இவ்ளோ தோல் நாத்தத்தையும் மீறி அடிக்கும். தெனம் தெனம் என்னால முடியல. அதான் தொவைச்சிட்டேன்."

தோலில் வருஷக்கணக்காக உழைத்தவர்களுக்கு மூக்கு செத்துப்போகும். எங்களுக்கு மல்லிகையும் தோல் ஊறி நாறும் சுண்ணாம்புக் குழியும் ஒன்றுதான். அந்தத் துணியில் வாசனை இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஜெபராணியின் கோபம் எங்கே போனதோ. அவன் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"வாசனை இருந்துச்சா? எப்படி இருந்துச்சு? சொல்லுங்க" என்று கெஞ்சினாள்.

அவன் துண்டை முகத்தில் வைத்து மோந்து பார்த்தான். அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.