கையோடு வந்த திரி

ஐஸ் பேக்டரியில் பாதி ஆயுளைக் கழித்த மனிதரை மெழுகுவர்த்திப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். பேக்டரியை மூடிவிட்டார்கள். அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட, ஐஸ் மாமாவுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பட்டறை அக்கா மகளுடையது. "இன்னைக்கு ஒரு நாள் பாக்கலாம் மாமா. சரிப்பட்டு வந்தா இருங்க" என்றிருந்தாள்.

காலையிலேயே குழப்பம். கட்டி மெழுகு அடுப்பில் உருகித் தண்ணீராக ஓடியது. தகர அச்சில் ஊற்றிச் சும்மா மேஜையில் வைத்ததற்கே இறுகிவிட்டது.

"குளிர்பெட்டி இல்லாமலே உறையுதே!" மாமா வாயைப் பிளந்தார்.

மத்தியானம் அக்கா மகள் வெளியே கிளம்பினாள். "எல்லாத்தையும் அச்சுலேர்ந்து கழட்டி வைங்க மாமா. சாயங்காலம் கடைக்காரர் வந்துடுவார்."

இழுத்தார். வரவில்லை. தட்டினார். ஊஹூம். இதென்ன பிரமாதம்! பேக்டரியில் ஐஸ் டின்னோடு ஒட்டிக்கொண்டால் டின்னைச் சாதாரணத் தண்ணீரில் முக்குவார்கள். ஓரம் இளகி, கட்டி வழுக்கிக்கொண்டு வரும். மெழுகு கொஞ்சம் அழுத்தக்காரன், வெந்நீர் கேட்பான் என்று மாமா கணக்குப் போட்டார். அச்சுகளைக் கொதிக்கும் நீரில் நிற்க வைத்துவிட்டு, நிம்மதியாக ஒரு டீ குடித்தார். வந்து இழுத்தால், திரி மட்டும் கையோடு வருகிறது!

எட்டிப் பார்த்தார். மெழுகு மொத்தமும் தண்ணீராக நின்றது. பேக்டரியில் உருகினால் போனதுதான், நேரே சாக்கடைக்கு. கொட்டிவிடலாம் என்று அச்சைத் தூக்கியபோது அக்கா மகள் வாசலில் நின்றாள்.

"ஐயையோ, கொட்டிடாதீங்க!"

"எல்லாம் போச்சேம்மா..."

"எங்க போச்சு? உள்ளதானே இருக்கு! சூட்டுல இளகுச்சு, ஆறினா திரும்ப இறுகும். புதுத் திரி போட்டு, பச்சத்தண்ணில வைங்க. நல்லாக் குளிர்ந்தா சுருங்கி, தானா அச்சை விட்டுடும்."

சூடு பட்டால் டின்னை விடுவது ஐஸ், குளிர்ந்தால் அச்சை விடுவது மெழுகு. அட, இதென்ன தலைகீழ் நியாயம்! மாமாவுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் வைத்தார், காத்திருந்தார், பயந்து பயந்து இழுத்தார். வழவழவென்று முழு மெழுகுவர்த்தி வந்தது. கடைக்காரர் வருவதற்குள் எல்லாம் தயார்.

"அப்ப நாளைக்கும் வரவாம்மா?"

"முதல்ல அந்த வெந்நீரைக் கொட்டுங்க."

வா என்கிறாளா, வராதே என்கிறாளா? ஒன்றும் விளங்காமல் கொட்டிவிட்டு வந்தார். அக்கா மகள் பட்டறையின் இன்னொரு சாவியை அவர் சட்டைப்பையில் போட்டாள்.

"காலைல நீங்கதான் திறக்கணும். அடுப்பை மட்டும் நான் வந்து பத்த வைக்கிறேன்."