ரபீக்கின் ஈரலும் பேரனின் சுன்னத்தும்

ஒருவருக்குக் கல்லீரலை மாற்றினால், அவருடைய மகளின் பரம்பரையும் மாறிவிடுமா? சிரிக்காதீர்கள். படித்தவர்களே அப்படி நம்பினார்கள்.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் முகம்மது ரபீக்கைத் தெரியாதவர் இல்லை. மூட்டுகள் பழுதானதால் ஸ்டூலில் உட்கார்ந்தே ஏலம் கூறுவார். குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை போகும். ஐந்து வயதில் சுன்னத் செய்தபோது ஒன்பது நாள் இரத்தம் நிற்கவில்லை. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயா என்று பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. அவருடைய உம்மாவின் ராசியைத் திட்ட மட்டும் தோன்றியது. பின்னாளில் ஏற்றிய பிளாஸ்மாவோடு வந்த கிருமி ஈரலைத் தின்றது. இரத்தம் உறையாதவரை அறுக்க மாட்டோம் என்று இரண்டு மருத்துவமனைகள் கைவிரித்தன. மூன்றாவதில், உறையவைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே, மனைவி அலிமாவின் ஈரலில் ஒரு பாதியை வைத்தார்கள். ரபீக்கிடம் இல்லாத, இரத்தத்தை உறையவைக்கும் அந்தப் புரதம் ஈரலில்தான் உருவாகிறது. அதனால் ரபீக்குக்கு இரத்தப்போக்கும் நின்றது.

“என் ஈரலு உள்ள கெடக்குல்லா, அதான் இப்ப சொன்ன பேச்சு கேக்காரு” என்பார் அலிமா.

போன குற்றால சீசனில் ஐந்தருவியில் குளித்துவிட்டு இரு குடும்பமும் டீ குடிக்கையில், மகள் சனோபரின் மாமியார் பாத்திமுத்து சொன்னார்: “எம் மவன் சலீம் லீவு முடியுததுக்குள்ள பேரனுக்குச் சுன்னத்து. மண்டபம் சொல்லியாச்சு.”

“ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டு வைப்போம் மைனி” என்றார் ரபீக்.

“அதான் ஈரலு மாத்தி கொணமாயிட்டே!”

துபாயில் என்ஜினீயரான மருமகன் சலீமும் கேட்டான்: “ஒங்களுக்கே இல்லாதது இவனுக்கு எப்படி வரும் மாமா?”

“இந்தச் சீக்கு மவ வழியா பேரனுக்கு வரலாம். ஈரலு மாத்துனது நாலு வருசம் முந்தி. சனோபருக்கு இருவத்திமூணு வயசு. அவ பழைய லோடுல வந்தவ மாப்ளே!”

சனோபர் சிரித்துவிட்டாள். பாத்திமுத்து சிரிக்கவில்லை. “பச்சப்புள்ளைக்கு நீங்களே சீக்கைக் கூப்புடுதீங்க.”

“இல்லைன்னு வந்தா நானே பிரியாணி போடுதேன். இருந்துட்டா? எங்க உம்மா ஒம்பது நாளு ரத்தத்துல உக்காந்திருந்தா மைனி. இவளும் உக்காரணுமா?”

மறுநாள் சலீமே குழந்தையைத் திருநெல்வேலிக்குத் தூக்கிப் போனான். உறையவைக்கும் புரதம் ஒரு சதவீதம்கூட இல்லை என்று முடிவு வந்தது. பாத்திமுத்து மருமகளைப் பார்த்து, “எல்லாம் ஒன்னால...” என்று ஆரம்பித்தார்.

“நான் குடுத்தது. என்னை ஏசுங்க, அவளை விடுங்க” என்றார் ரபீக்.

தூங்கும் பேரனைப் பாத்திமுத்து பார்த்தார். பிறகு போனை எடுத்து மண்டபம் வேண்டாம் என்றார். சுன்னத், உறையவைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டு, மருத்துவமனையில் நடக்கும்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் போனதுண்டா? அப்படியானால் காது குத்தவோ, சுன்னத் செய்யவோ நாள் குறிக்கும் முன் குழந்தையின் இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். பெற்றவளைத் திட்ட வருகிறவர்களையும் அப்போதே தடுத்து நிறுத்துங்கள்.