வெள்ளைக் குட்டியும் ஒரு சின்ன இருமலும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ஜோகுபாளையம் முழுக்கப் பனி. காபியோடு மொட்டை மாடிக்குப் போனால், காட்டுக்குள் யாரோ பாடுவது போல ஒரு சத்தம் — ஊ... ஹூ... ஊஊ...

ஓல்டு மெட்ராஸ் ரோடு பக்கத்தில், நட்ட நடு நகரத்தில் ஏது காடு?

பாட்டு வந்தது மாடியில் நின்ற நித்யாவின் போனிலிருந்து. எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் திருப்பத்தூர்ப் பெண். அசாம் காடுகளில் வாழும் கிப்பன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். கிப்பன் என்றால் வாலில்லாக் குரங்கு. மனிதனுக்கு நெருங்கிய சொந்தம். விடிந்ததும் ஆணும் பெண்ணும் மர உச்சியில் உட்கார்ந்து சேர்ந்து பாடுமாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு வரிகூட அப்படிப் பாடியதில்லை... சரி, அது வேறு கதை.

அவள் வருஷக்கணக்கில் பின்தொடரும் ஒரு பெண் கிப்பனுக்கு இப்போது முதல் குட்டி பிறந்திருக்கிறது.

"பொறக்கறப்போ பால் மாதிரி வெள்ளையா இருக்கும் ஆன்ட்டி. கொஞ்ச மாசத்துல கறுத்துடும். அந்த வெள்ளைய நான் இதுவரைக்கும் நேர்ல பார்த்ததே இல்ல."

செவ்வாய்க்கிழமை ஃபிளைட். சொல்லி முடித்தவள் லேசாக இருமினாள்.

என் வீட்டுக்காரர் விடுவாரா? எங்கள் ஃபிரிட்ஜ் மேலே ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. யாருக்கோ எப்போதோ டாக்டர் எழுதிக்கொடுத்து, பாதி சாப்பிட்டதும் உடம்பு தேறிவிட்டதால் மிச்சம் வைத்த மாத்திரைகளெல்லாம் அதில்தான். உங்கள் வீட்டிலும் இருக்கும்தானே? டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார்.

"இந்தா, அஸித்ரோ, நல்ல ஆன்டிபயாட்டிக். இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு... ஆய்த்து, முடிஞ்சுது! ஜம்முனு கிளம்பு."

நித்யா சிரித்துவிட்டாள். "அங்கிள், ஜலதோஷம் வைரஸ். இந்த மாத்திரை பாக்டீரியாவுக்கு. பாதி பாதியா சாப்பிட்டா சாகாத கிருமி மிஞ்சி, மருந்துக்கே பழகிடுது. அப்புறம் நம்மகிட்டருந்து தண்ணி, மாடு, செருப்புன்னு ஒட்டிக்கிட்டு காட்டுக்குப் போயிடுது. மாத்திரையையே பார்க்காத குரங்கோட கழிவுலதான் அந்தக் கிருமிய நான் தேடிட்டிருக்கேன்."

வீட்டுக்காரர் டப்பாவை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சரிம்மா, மாத்திர வேணாம். மாஸ்க் போட்டுக்கினு போயேன். சின்ன இருமல்தானே, யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள். நமக்கு வெறும் ஜலதோஷம். வாலில்லாக் குரங்குகளுக்கு அதே கிருமி நுரையீரலைப் பிடித்து உயிரையே எடுத்துவிடலாம். அதிலும் பிறந்த குட்டி! இருமல் இருந்தால் காட்டுக்குள் போகக்கூடாது என்பது அவர்கள் வேலையின் விதி. ஆனால் காட்டு வாசலில் தெர்மாமீட்டரோடு யாரும் நிற்பதில்லை. இருமலை விழுங்கிக்கொண்டு போய்விடலாம்தான்...

டிக்கெட்டை கேன்சல் செய்தாள். என் கண்ணெதிரே. கட்டைவிரல் கொஞ்ச நேரம் போன் மேலேயே நின்றது, அப்புறம் அழுத்தியது. காட்டுக்குள் போக அடுத்த அனுமதி மழைக்காலம் முடிந்துதான் கிடைக்குமாம்.

பனி இன்னும் விலகவில்லை. போனில் மறுபடி அந்தப் பாட்டு. அல்சூர் ஏரிப் பக்கத்து மரங்கள் மங்கலாகத் தெரிந்தன. அதில் ஏதோ ஓர் உச்சியில், அம்மாவின் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் குட்டி தூங்குவது போல எனக்கே ஒரு நினைப்பு... பார்த்துக்கொண்டே நின்றேன். காபி ஆறிப்போனது.

கிட்டே போவதைத்தான் நாம் பாசம் என்கிறோம், இல்லையா? கைக்குழந்தையைக் கண்டால் வாங்கி முத்தம் கொடுக்காமல் விடுவோமா — மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தாலும்!

"வருத்தமா இல்லையா கண்ணு?" என்று கேட்டேன்.

"இருக்கு ஆன்ட்டி. ரொம்பவே இருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கறுத்துப் போகட்டும். இருமாம கறுத்தாப் போதும்."